மகளைக் கூட்டிவரப் போன மலை

யூலை 4, சனி

பேர்ணிலிருந்து ரெயின் மாறி மாறி வந்து, கடைசியில் ஒரு மஞ்சள் பஸ்ஸில் ஏறி, மகள் இருக்கும் இந்தச் சுவிஸ் மலை ஊருக்கு வந்து சேர்ந்தேன். பஸ் ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடித்தது. பக்கத்து இருக்கை வெள்ளைக்காரி தன் நாயைத் தடவிக்கொண்டே வந்தாள். மலைப்பாதையில் அதற்கு வயிற்றைப் பிரட்டுமாம். எனக்கும் பிரட்டியது. ஒருவரும் தடவவில்லை.

வந்த காரணத்தை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு குழம்பக் கூடாது. என் மகள் சாம்பவி மருந்தாளர். பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து, பேர்ணில் ஒரு மருந்துக்கடையில் வெள்ளைக் கோட் போட்டு நின்றவள். போன வருடம் கோட்டைக் கழற்றிவிட்டு, மலை வழிகாட்டியாகப் போகிறேன் என்று இந்த ஊரில் வந்து குந்திவிட்டாள். ஆட்களைக் கயிற்றில் கட்டி உச்சிக்குக் கூட்டிப்போகிற வேலை. செப்டெம்பரில் கடைசிச் சோதனை. கடை முதலாளி திருமதி லூத்தி நல்ல மனுசி. ஓகஸ்ட் முடிவதற்குள் திரும்பி வந்தால் பழைய இடம் இருக்கிறது என்று சொன்னாளாம். தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது சாம்பவியே இதைச் சொன்னாள்.

நான் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறேன். சேர்த்துவைத்த லீவு முழுவதையும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ரெயின் ஏற்றிவிட வந்த இவர், அதாவது என் கணவர் கனகலிங்கம், யன்னலுக்கு வெளியே நின்று புத்தி சொன்னார்.

"நீர் ஆறுதலாக் கதையும், ரதி. வெருட்டினால் பிள்ளை இன்னும் மேல ஏறிப்போடும்."

பஸ் தரிப்பில் சாம்பவி நின்றாள். முகம் கறுத்து, கண்ணாடி போடுகிற இடம் மட்டும் வெளுத்து, ஆந்தை மாதிரி இருந்தாள். பெட்டியை ஒரு கையால் தூக்கித் தோளில் போட்டாள்.

"முழங்கால் எப்பிடி அம்மா?"

"மலைக்காத்து பட்டால் சரிவருமெண்டு டொக்டர் சொன்னவர்."

"எந்த டொக்டர்?"

"புது டொக்டர்."

அப்படியொரு டொக்டர் இல்லை. அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

யூலை 5, ஞாயிறு

இவளுடைய வீடு ஒரு அறையும் ஒரு குசினியும். குசினி யன்னலைத் திறந்தால் மலை நேரே உள்ளே வந்து நிற்கிறது. பெயர் ஸ்டில்ஹோர்ன். அமைதிக்கொம்பு என்று தமிழில் சொல்லலாம். விடிய எழும்பித் தேத்தண்ணி வைக்கும்போது அமைதிக்கொம்பிலிருந்து கடகடவென்று சத்தம் கேட்டது.

"கல்லு விழுது," என்றாள் சாம்பவி, பாண் வெட்டிக்கொண்டே.

உச்சிக்கு இரண்டு வழியாம். யன்னல் கண்ணாடியில் விரலை வைத்துக் காட்டினாள். ஒன்று எல்லோரும் போகிற வழி. பனியாற்றைக் கடந்து, பிறகு மலையின் வயிற்றில் தண்ணீரில்லாத, செங்குத்தான ஒரு பாறை ஓடை. அதில் ஏறினால் தோள் போன்ற ஓரிடம், அதற்கு மேல் உச்சி. மற்றது கிழக்கு முகடு. கூரையின் உச்சி வரம்பு போல நீளமாக, இரண்டு பக்கமும் ஒன்றுமில்லாமல். அது தூரம் கூட.

"உதெல்லாம் எனக்கு ஏன் சொல்லுறாய்?"

"நீங்கள்தானே கேட்டனீங்கள்."

கேட்டேனா? தெரியவில்லை. கண்ணாடியில் அவளுடைய விரல் அடையாளம் எண்ணெயாக இருக்கிறது. பிறகு துடைப்போம்.

யூலை 8, புதன்

வந்த நாளிலிருந்து ஒரு கதையும் கதைக்க முடியவில்லை. விடிய முதலே போய்விடுகிறாள். பின்னேரம் வந்து சப்பாத்தைக் கழற்றும்போது பார்த்தேன். இரண்டு பெருவிரல் நகமும் கறுப்பு. சாப்பிட்டவுடன் தூங்கிவிடுகிறாள். தூங்குகிற பிள்ளையிடம் வாழ்க்கையைப் பற்றி என்ன சொல்வது.

ஆகவே ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். அவளுக்கு வேலையில்லாத நாட்களில் அவளோடு நடப்பது. நடக்கும்போது அவள் தூங்க முடியாது.

யூலை 10, வெள்ளி

நடந்தோம். புல்வெளி, பிறகு காடு, பிறகு மரமே இல்லாத இடம். நான் மூன்று தரம் பேச்சை ஆரம்பித்தேன்.

"திருமதி லூத்தி நல்ல மனுசி, என்ன?" என்றேன் முதலில்.

"ஓம். நல்லவ. மூச்சை வாயால விடாதேங்கோ அம்மா."

இரண்டாம் முறை, மருந்துக்கடையில் குளிரே இல்லை என்றேன். குளிரில்லாத இடத்தில் எனக்கு நித்திரை வரும் என்றாள். மூன்றாம் முறை வாயைத் திறந்தபோது மூச்சு இல்லை.

மேலே ஒரு சின்ன ஏரி. தண்ணீரில் கால் வைத்தேன். அவ்வளவு சுகம். இதை அவளுக்குச் சொல்லவில்லை.

யூலை 11, சனி

கால் நோகிறது. வேறொன்றும் இல்லை.

யூலை 14, செவ்வாய்

சப்பாத்து வாங்கினேன். முழங்காலுக்கு நல்லது என்பதால் கணுக்கால் வரை மூடிய மலைச் சப்பாத்து. கடைப் பெண், "எந்த மலைக்கு?" என்று கேட்டாள். மலைக்கு இல்லை, மகளோடு கதைப்பதற்கு என்றேன். அவள் தலையாட்டிவிட்டு இன்னும் தடித்த அடி உள்ள சோடியைக் கொண்டுவந்து வைத்தாள்.

யூலை 16, வியாழன்

இவர் போன் எடுத்தார். மிளகாய்த்தூள் எங்கே என்று கேட்கத்தான் எடுத்தார். பிறகு, "அங்க மேல முகில் போட்டிருக்கு, குடை கொண்டு போம்," என்றார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

மலை ஏறுகிறவர்கள் இரவு தங்கும் குடிலில் ஒரு கமரா பூட்டி, படத்தை இணையத்தில் போடுகிறார்களாம். அதில் பார்த்தாராம். சும்மா பார்த்தாராம். எவ்வளவு காலமாகப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். மிளகாய்த்தூள் கிடைத்துவிட்டது என்று போனை வைத்துவிட்டார்.

இப்படி ஒரு கமரா இருப்பதை ஒரு வருடமாக எனக்குச் சொல்லாத மனுசன்.

யூலை 19, ஞாயிறு

இன்று பனியாற்றில் நடந்தேன். கீழே இருந்து பார்க்கும்போது வெள்ளைச் சேலை விரித்த மாதிரி இருக்கும். கிட்டப் போனால் அழுக்கு. சாம்பல், கல்லு, இடையிடையே நீல வெடிப்பு. வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தேன், குளிர் மூச்சு விட்டது. சப்பாத்தின் அடியில் இரும்புப் பல் கட்டி விட்டாள். நடக்கும்போது வாத்து மாதிரிக் காலை அகட்டி வைக்க வேண்டும்.

"வாத்து மாதிரி, அம்மா. வடிவா நடக்க வேண்டாம்."

"நான் எப்ப வடிவா நடந்தனான்?"

"கலியாண வீட்டில நடப்பியள்."

இடுப்பில் கயிற்றைக் கட்டினாள். எட்டு வடிவில் ஒரு முடிச்சு. தானே இழுத்துப் பார்த்தாள், என்னை இழுத்துப் பார்க்கச் சொன்னாள், திரும்பவும் தானே இழுத்துப் பார்த்தாள். சின்ன வயதில் இவளுக்குச் சப்பாத்து நாடா கட்டத் தெரியாமல் ஒரு வருடம் முழுக்க நான் கட்டி விட்டேன்.

நான் வந்த காரியத்தைப் பற்றி இன்று கதைக்கவில்லை. காற்று பலமாக இருந்தது.

யூலை 21, செவ்வாய்

அவள் வேலைக்குப் போன பிறகு கயிற்றைச் சுவர்க் கொழுவியிலிருந்து எடுத்து, தொடக்கத்திலிருந்து முடிவு வரை விரலால் தடவிப் பார்த்தேன். ஓரிடத்தில் நூல் கொஞ்சம் எழும்பியிருந்தது. பின்னேரம் அதைக் காட்டினேன். அது மேலுறைதான், ஒன்றும் செய்யாது என்றாள். ஆனால் மறுநாளைக்கு வேறு கயிறு எடுத்துவைத்தாள். நான் பார்க்கும்படி எடுத்துவைத்தாள்.

யூலை 22, புதன்

சாப்பாட்டு மேசையில் வைத்து, "சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. ஸ்டில்ஹோர்ன் போவமோ?" என்று கேட்டாள். கறி இன்னும் வேணுமோ என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

விசரோ உனக்கு என்றேன். எல்லோரும் போகிற வழியால்தான், உங்களுக்கு இப்போது மூச்சு நல்லா இருக்கிறது என்றாள்.

ஒப்புக்கொண்டேன். காரணம் இருக்கிறது. மேலே போனால் இரண்டு பேர்தான். போனும் இல்லை, வேலையும் இல்லை. கயிற்றில் கட்டியிருப்பதால் எழும்பிப் போகவும் முடியாது. நிதானமாகப் பேசி முடித்துவிடலாம்.

யூலை 24, வெள்ளி

மலைக் குடிலில் இருந்து எழுதுகிறேன். கல் வீடு. வெளியே சப்பாத்து வரிசை, உள்ளே சூப் வாசம். குடிலை நடத்துகிறவள் உர்சுலா, என் வயது இருக்கும். "நீங்கள்தான் அம்மாவா?" என்று கை தந்து, சூப்பில் எனக்கு இரண்டு அகப்பை கூட ஊற்றினாள். என்னைப் பற்றி இவள் இங்கே என்ன சொல்லி வைத்திருக்கிறாளோ.

கமராவைக் கண்டுபிடித்தேன். கூரை மூலையில் இருக்கிறது. அதன் முன்னால் போய் நின்று முறைத்தேன். கொஞ்ச நேரத்தில் இவரிடமிருந்து செய்தி வந்தது: "தொப்பி போடும்."

குளிரே இல்லை. சாம்பவி வெளியே போய்ப் பனியை விரலால் குத்திப் பார்த்துவிட்டு வந்தாள்.

யூலை 25, சனி, காலை

கோபத்தில் எழுதுகிறேன்.

விடிய முதல் புறப்பட்டோம். நெற்றியில் விளக்கு. பனியாற்றை நன்றாகவே கடந்தேன், வாத்து மாதிரி. வெளிச்சம் வரும் நேரம் ஓடையின் வாயில் நின்றோம். மேலே உச்சி தெரிந்தது. மஞ்சள் வெயில் அதன் நெற்றியில் மட்டும் பட்டது. அங்கே ஒரு சிலுவை நட்டிருக்கிறார்கள், அது கூடத் தெரிந்தது.

சாம்பவி நின்றாள். காது கொடுத்துக் கேட்டாள். பனியில் காலை ஊன்றினாள், கால் முழங்கால் வரை புதைந்தது.

"திரும்புவம் அம்மா."

"என்ன?"

"இரவு பனி உறையேல்லை. மேல கல்லெல்லாம் இளகிக் கிடக்கு. வெயில் பட்டால் வரும். இண்டைக்கு இது வழியில்லை."

நான் ஒரு கல்லையும் காணவில்லை. எனக்கு முன்னால் மலை இருந்தது, சும்மா, நல்ல பிள்ளை மாதிரி. பின்னால் ஜெர்மன்காரர் இருவர் வந்தார்கள். அவர்களும் மேலே பார்த்தார்கள், கதைத்தார்கள், ஏறினார்கள்.

"அவையள் போகினம்தானே?"

"அவையள் என்ர கயித்தில இல்லை."

அப்போது நான் சொன்னேன். அந்த இருவருக்கும் விளங்கட்டும் என்று ஜெர்மனிலேயே சொன்னேன், பயந்தவளுக்கு இந்த வேலை எதற்கு என்று. இன்னும் ஏதோ சொன்னேன். சாம்பவி கயிற்றைச் சுருக்கினாள், என்னைத் திருப்பினாள், பின்னால் நடந்தாள்.

குடிலுக்கு வந்து கோப்பி குடிக்கிறேன். அவளோடு பேசவில்லை.

அதே நாள், பின்னேரம்

ஓடையில் கல் வந்தது. சத்தம் முதலில் வந்தது, பிறகு தூசி.

சாம்பவி உர்சுலாவுக்கு இரண்டு வார்த்தை சொன்னாள், பையை எடுத்தாள், போனாள். உர்சுலா ஹெலிகொப்டருக்குச் சொன்னாள், பிறகு எனக்குத் தூரக்கண்ணாடியைத் தந்தாள். வெயில் நன்றாக எரித்தது. கண்ணாடியைத் திருகித் திருகிப் பார்த்தும் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. சிவப்புச் சட்டை சாம்பவி. அவள் ஓடைக்குள் போகவில்லை. ஓரத்துப் பாறைக்குக் கீழே நின்று, மேலே இருந்த ஜெர்மன்காரர் இருவரையும் கையால் காட்டிக் காட்டி, ஒதுக்குப்புறமாக இறக்கினாள். ஒருவனுடைய தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது. மற்றவனுக்குக் காயமில்லை, ஆனால் அவனைத்தான் தாங்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

ஹெலிகொப்டர் போன பிறகு அவள் வந்து வாங்குப் பலகையில் இருந்தாள். தலைமயிரில் தூசி. உர்சுலா சூப் கொண்டுவந்தாள். நான் சூப்பை வாங்கி மேசையில் வைத்தேன். அவ்வளவுதான்.

இவரிடமிருந்து பத்துத் தரம் போன் வந்திருக்கிறது.

யூலை 26, ஞாயிறு

கீழே வந்துவிட்டோம். இன்று அவளுக்கு எண்ணெய் வைத்துத் தலை முழுக வார்த்தேன். இருபத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். சீனி கூடிவிட்டது. குடித்தாள்.

யூலை 29, புதன்

"மற்ற வழியால கல்லு விழாதோ?" என்று கேட்டேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, சும்மா.

சாம்பவி யன்னலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"முகட்டில கல்லு விழாது. முகட்டுக்கு மேல ஒண்டுமில்லையே, விழுறதுக்கு."

"அப்ப ஏன் முதலே அதால கூட்டிக்கொண்டு போகேல்லை?"

"அது நீளம் அம்மா. பயப்பிடாத ஆக்களுக்கு."

உருளைக்கிழங்கை அளவுக்கு மேல் உரித்துவிட்டேன். இரண்டு நாளைக்கு அதுதான் கறி.

ஓகஸ்ட் 2, ஞாயிறு

இன்று நிறைய எழுத வேண்டும். ஆனால் விரல் மடங்கவில்லை.

கிழக்கு முகட்டால் ஏறுவதற்கென்று நேற்றே குடிலுக்கு வந்துவிட்டோம். இரவு நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது, வாளியில் இருந்த தண்ணீர் கல்லாகிவிட்டது. சாம்பவி வாளியைத் தட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

முகடு தொடங்கும் இடத்தில் சூரியன் வந்தது. அகலம் எங்கள் வீட்டு வாங்கு அளவு. சில இடத்தில் பாறை, சில இடத்தில் பனி. இடது பக்கம் பார்த்தால் பனியாறு, வலது பக்கம் பார்த்தால் வேறொரு நாடு. கீழே பார்க்காதேங்கோ என்று சொல்லுவாள் என நினைத்தேன். வடிவாப் பாருங்கோ, பார்த்து முடித்துவிட்டு நடவுங்கோ என்றாள்.

நடுவில் பனி மட்டும் உள்ள ஒரு துண்டு வந்தது. கத்தி மாதிரி. அங்கே நின்று சொன்னாள்:

"இஞ்ச ஒரு விசயம். நான் இந்தப் பக்கம் விழுந்தால் நீங்கள் அந்தப் பக்கம் குதிக்கோணும்."

"விசர்க் கதை கதையாதை."

"உண்மையா அம்மா. அப்பதான் கயிறு முகட்டில கொழுவி ரெண்டு பேரும் நிப்பம். யோசிக்க நேரம் இல்லை. உடனே குதிக்கோணும்."

அந்தத் துண்டு முழுவதும் நான் வேறெதையும் பார்க்கவில்லை. அவளுடைய சப்பாத்தை மட்டும் பார்த்தேன். வலமா இடமா, வலமா இடமா. என் முழங்கால், என் வயது, ஒன்றும் நினைவில் இல்லை.

குதித்திருப்பேன்.

உச்சியில் சிலுவையும் நாலு பேர் நெருக்கி நிற்க இடமும்தான் இருக்கிறது. மூச்சு வந்ததும் சுற்றிப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் மலை. ஒன்றுக்கும் பெயர் கேட்கவில்லை. நான் அழுததாகச் சாம்பவி சொல்கிறாள். அது காற்று.

மற்றப் பக்கத்தால் ஏறி வந்த ஒரு கிழவர் எங்களுக்குக் கை தந்தார். வெள்ளைத் தாடி, நல்ல சிரிப்பு. சாம்பவியைக் காட்டி, "உங்கள் வழிகாட்டி எப்படி?" என்று கேட்டார்.

"சரியான பயந்தவள்," என்றேன். "அதனால்தான் இவளோடு வந்தேன்."

கிழவருக்கு விளங்கியது. அவர் தலையாட்டினார். சாம்பவி மறுபக்கம் திரும்பிக் கயிற்றைச் சுருட்டினாள். தோள் குலுங்கியது. சிரித்தாளோ என்னவோ, நான் எட்டிப் பார்க்கவில்லை.

இறங்கும்போது நான் முன்னால், அவள் பின்னால். அதுதான் முறையாம். அவளைப் பார்க்க முடியாது, இடுப்பில் கயிறு மட்டும் தெரியும். பாறையில் ஓரிடத்தில் எனக்குக் கால் வழுக்கியது. நான் விழுகிறேன் என்று எனக்குத் தெரியும் முன்பே கயிற்றுக்குத் தெரிந்துவிட்டது. அரை அடி கூடப் போகவில்லை.

"சரி, எழும்புங்கோ," என்றாள். சத்தம் ஏறவில்லை, இறங்கவில்லை. மருந்துக்கடையில், சாப்பாட்டுக்குப் பிறகு ரெண்டு குளிசை என்று சொல்லுவாளே, அதே குரல்.

நான் வந்த காரியத்தை மேலே வைத்தும் கதைக்கவில்லை. இதை எழுதி வைக்க வேண்டும்.

ஓகஸ்ட் 3, திங்கள்

சாம்பவி கடைக்குப் போன நேரம் பார்த்து, திருமதி லூத்திக்கு நானே போன் எடுத்தேன். தாய் நான்தானே. ஜெர்மனில் என்ன சொல்வது என்று முதலே மனதில் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். உங்கள் நல்ல மனதுக்கு நன்றி, ஆனால் என் மகள் திரும்பி வரமாட்டாள், அவளுக்கு இங்கே வேலை இருக்கிறது, அதை அவள் நன்றாகச் செய்கிறாள், நான் என் கண்ணால் பார்த்தேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

பிறகு திருமதி லூத்தி மெதுவாகச் சொன்னாள், கேட்கச் சந்தோசமாக இருக்கிறது, ஆனால் சாம்பவி ஏப்ரல் மாதமே தனக்கு இதைச் சொல்லிவிட்டாள் என்று. அந்த இடத்துக்கு வேறு ஒருவரை எடுத்தும் விட்டார்களாம்.

சாம்பவி பாணும் பாலுமாக வந்தாள். நான் கதவிலேயே நின்றேன்.

"ஏப்ரலிலயே சொல்லிப்போட்டாய்?"

பாலை மேசையில் வைத்தாள். யார் சொன்னது என்று கூடக் கேட்கவில்லை.

"ஓம்."

"ஒரு மாசமா நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினாய். திருமதி லூத்தி நல்லவ எண்டாய்."

"நல்லவதானே."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸில வீட்டை போயிருப்பியள்."

நான் பால் பெட்டியை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தேன். வெளியே எடுத்தேன். திரும்ப வைத்தேன்.

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

அவள் பாணை வெட்டத் தொடங்கினாள். இவருக்கு உடனே போன் எடுத்தேன். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. எப்போதும் முதல் மணிக்கே எடுக்கிற மனுசன்.

இரண்டு பேரோடும் பேசக் கூடாது என்று முடிவெடுத்தேன். மத்தியானம் வரை பேசவில்லை. மத்தியானம் சாம்பவி மீன் பொரிக்கிறேன் என்று எண்ணெய் காய முதலே மீனைப் போட்டாள். அதற்குப் பேசாமல் இருக்க முடியாது.

ஓகஸ்ட் 5, புதன்

முதியோர் இல்லத்துக்குப் போன் எடுத்து இன்னொரு கிழமை லீவு கேட்டேன். முழங்கால் இன்னும் சரியாகவில்லை என்று சொன்னேன்.